பத்துப் படிகள்

ஏழாவது படியில்தான் வலது தோள் கழன்றது, வானமும் கல்லும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன, இன்னும் நான்கு படிகள், கண்ணை மூடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், கதாநாயகிக்கு டூப்பாக அவள் உடையில் உருள்கிறேன், கையில்லாத சட்டை, உள்ளே திண்டு கட்ட வழியில்லை, ஆண் டூப்புகள் முழுக்கைச் சட்டைக்குள் அரை மெத்தையை ஒளித்துக்கொண்டு விழுவார்கள், எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, சற்றுமுன் எனக்குச் சுற்றி உடைத்த பூசணிக்காயின் கற்பூர வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது, இதோ பதினோராவது படி, மண், கட் சொல்லும்வரை நான் கதாநாயகிதான், எழவேண்டும், வலது கை வரவில்லை, இடது கையை ஊன்றினேன், அது நடுங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள்.

படம் வருவதற்குள் தோள் பொருந்திவிட்டது, மழைநாளில் மட்டும் முனகும், அடுப்படியில் நின்று விமரிசனங்களைப் படிக்கிறேன், அடிபட்டு எழும்போது நாயகியின் இடது கை நடுங்குவது தேர்ந்த நடிப்பு என்று ஒரு பத்திரிகை, அது என் கை, சிரிப்பு வந்தது, பிறகு யூட்யூபில் இளம்பரிதி என்கிற பையன், அவன் சொல்வதைக் கேட்டுத்தான் பாதி ஊர் டிக்கெட் எடுக்கிறது, சண்டையெல்லாம் ஓகே மக்களே, அந்தப் படிக்கட்டு மட்டும் சுத்த கம்ப்யூட்டர், மனுஷ உடம்பு அப்படி உருளாது என்கிறான், மறுநாளே துரைக்கண்ணு மாஸ்டர் கூப்பிட்டார், பதினாறு வருஷமாக எனக்கு வேலை கொடுக்கிற சண்டைப் பயிற்சியாளர், குரலே சரியில்லை, பாக்குறவனே கம்ப்யூட்டர்ங்கறான், அப்ப ரெண்டாம் பாகத்துல கம்ப்யூட்டரே விழட்டும்னு தயாரிப்பாளர் சொல்லிட்டாரும்மா, என்றார், விழுவதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை.

சாலிகிராமத்தில் முதல் மாடியில் இளம்பரிதியின் அலுவலகம், மொசைக் படிக்கட்டு, ஏறும்போதே எண்ணினேன், பத்துதான், ஒன்று குறைகிறது, போகட்டும், அந்தப் படிக்கட்டில் உருண்டது நான்தான் என்று சொன்னதும் நாற்காலி போட்டான், நல்ல பையன்தான், தப்பா சொல்லிட்டேன்க்கா, மாத்திச் சொல்லிடறேன் என்றான், பார்க்காமலே ஒன்றைச் சொன்னவன் பார்க்காமலே இன்னொன்றைச் சொல்வான், அது எனக்கு வேண்டாம், போனை எடுங்க தம்பி, கீழ நின்னு புடிங்க, பாத்துட்டுச் சொல்லுங்க, என்றேன், அக்கா வேணாம், ஆஸ்பத்திரி கேஸ் ஆயிடும் என்று கெஞ்சிக்கொண்டே இறங்கினான், சட்டைக்கைகளைத் தோள்வரை சுருட்டி, உள்ளே ஒன்றும் இல்லை என்று தட்டிக் காட்டினேன், பூசணிக்காய் இல்லை, கற்பூரம் இல்லை, பயம் இருந்தது, இருக்கட்டும்.

ட்யூப்லைட்டும் மொசைக்கும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன, ஏழாவது படி, தோள் நிற்கிறது, எட்டு, ஒன்பது, கண்ணை மூடவில்லை, கீழே தரை, கட் சொல்ல யாருமில்லை, வலது கையை ஊன்றினேன், வந்தது, நடுங்கவில்லை, நடுங்கியது அவன் கையிலிருந்த போன்தான், உங்க பேரு என்னக்கா என்றான், இத்தனை படத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி, உடனே சொல்ல மனம் வரவில்லை, முழங்கையில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பத்துப் படியும் ஏறினேன், பின்னாலேயே வந்தான், மேலே நின்று, கேமராவைப் பார்த்து, அப்பா பெயரையும் சேர்த்து முழுப்பெயரைச் சொன்னேன்.