கிணற்று வைத்தியர் வேஷம்

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியபோது சந்தோஷப்பட்ட முதல் ஆள் என் சிநேகிதன் காசி. ஆம்பூரில் எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே டேனரி. அங்கே தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போடுவார்கள். அந்தத் தொட்டிக் கழிவு மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிட்டது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் ஆவாரை சர்க்கரை வியாதிக்கு மருந்து என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். காசிக்குச் சர்க்கரை வியாதி.

“தெனம் கம்பவுண்டர்கிட்ட போய் ஊசி குத்திக்கணும்னு எனக்கு இன்னா தலையெழுத்தா? மருந்து ஊட்டாண்டயே வந்துட்ச்சி” என்றான்.

நான் ஹைஸ்கூலில் ரசாயனம் நடத்துகிறவன். கிணற்று நீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, தெருவையே கூட்டி வைத்துக்கொண்டு, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டேன். வெள்ளையாகத் திரிந்தது.

“இது தோலுக்குப் போட்ட உப்பு. இதோட இன்னும் இன்னா அழுகல் எல்லாம் கலந்திருக்குதோ” என்றேன்.

பெட்டிக்கடை தனகோடி குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பாலா மாறுது பாருங்க” என்றார்.

சொன்னால் ஏறாத மண்டைகளுக்குச் சிரித்தாலாவது ஏறட்டும் என்று பொங்கலுக்கு ஒரு நாடகம் எழுதினேன். அதில் ஒரு போலி வைத்தியர் சாக்கடைத் தண்ணீரைச் சீசாவில் அடைத்து விற்பார். குடித்தவர்கள் சுருண்டு விழுவார்கள். விழுந்தபடியே கையை நீட்டி இன்னொரு சீசா கேட்பார்கள். வைத்தியர் வேஷத்தை வேண்டுமென்றே காசிக்குக் கொடுத்தேன். தன் வாயால் சொல்லும்போதாவது அவனுக்கு உறைக்கும் என்று நினைத்தேன்.

காசி பிய்த்து உதறிவிட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டேனரி மேனேஜர் மேடையேறி அவனுக்கு மாலை போட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் கிணற்றடியில் வரிசை. காசி ராட்டினத்தின் பக்கத்தில் நின்று, யாருக்கு எத்தனை டம்ளர் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் அவனை வைத்தியரே என்று கூப்பிட்டார்கள். நான் எழுதிய வசனத்தையே பேசினான், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

“கேலிக்கு எழுதினதுடா அது” என்றேன்.

“நெஞ்சுல இல்லாததா பேனாவுல வந்துட்ச்சி? நீயே எழுதிட்டு நீயே இல்லைங்கிறியே, ஆதி.”

மாசி பிறப்பதற்குள் கம்பவுண்டர் சத்தார் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். “உங்க தோஸ்த் ஊசிக்கு வர்றதே இல்ல சார். இப்படியே வுட்டா ஆள் தங்க மாட்டார்.”

இருவரும் ஓடினோம். காசி பாயில் கிடந்தான். மூச்சு வாங்கியது. மூச்சில் அழுகின பழத்தின் வாசனை. சத்தார் ஊசியை எடுத்ததும் காசியின் பெண்சாதி அம்சவேணி குறுக்கே வந்து நின்றாள்.

“மருந்து மேல மருந்து போட்டா முறிஞ்சிடும்ணா. தண்ணி இப்பதான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்குது.”

நான் கெஞ்சினேன், அதட்டினேன், அவள் காலில்கூட விழப் போனேன். காசியே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். விடிவதற்குள் போய்விட்டான். அவன் மேல் இருந்த ஆத்திரமும் துக்கமுமாகச் சேர்த்து அழுதேன்.

அவனைக் குளிப்பாட்டவும் அதே கிணற்றுத் தண்ணீர்தான் வந்தது. தனகோடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அத்தினி வருஷம் குத்திக்கின ஊசி விஷம் உடம்புல ஊறிப்போச்சி. கிணத்துத் தண்ணி இன்னா பண்ணும், பாவம். மின்னாடியே குடிச்சிருந்தா பொழைச்சிருப்பான்.”

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலைகளில் பாதி என்னிடம் ரசாயனம் படித்தவை.

“வர்ற பொங்கலுக்கும் அந்த நாடகத்தையே போட்டுடுங்க வாத்தியாரே. வைத்தியர் வேஷம் நான் கட்றேன். வசனமெல்லாம் மனப்பாடம்” என்றார் தனகோடி.

பிறகு, “அழுது அழுது தொண்டை வத்திப்போயிருக்கும், குடிங்க” என்று என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.