பனிமேல் அடித்த முத்திரை

பன்னிரண்டு அடிக்கட்டைகளையும் ஒன்று விடாமல் பார்த்துவிட்டு வந்த வன ரேஞ்சர் அன்செல் ராட்கே கோடாரியைத் தரையில் ஓங்கிக் குத்தினான். அமெரிக்காவின் அந்த மொண்டானா மலைச்சரிவில் விதைக்கென்று அவன் விட்டுவைத்த பைன் மரங்கள் அவை. ஒன்றுகூட மிச்சமில்லை. போதாததற்கு, ஒவ்வொரு கட்டையிலும் தரையை ஒட்டி 'யூ.எஸ்.' முத்திரை வேறு.

அவன் கோடாரியின் பின்புறத்தில் இருக்கும் அந்த அரசாங்க முத்திரை விழுந்த மரத்தைத்தான் மரக் கம்பெனி வெட்டலாம். நெஞ்சு உயரத்தில் ஒன்று, அடியில் ஒன்று. மரம் போனாலும் அடிமுத்திரை சாட்சிக்கு நிற்கும்.

"என்னய்யா அரசாங்க மாப்பிள்ளை, நீயே அடிச்சுக் குடுத்துட்டு இப்ப மூஞ்சிய எதுக்கு உர்ருனு வச்சிருக்க?" என்று சிரித்தான் கம்பெனி மேஸ்திரி லூதர் மக்கில்வி. ரேஞ்சரே விதை மரங்களுக்கு முத்திரை போட்டு விற்றுவிட்டான் என்று மேலிடத்தில் புகார் கொடுத்ததும் அவன்தான்.

விசாரிக்க வந்த மேலதிகாரி பிரிட்சார்ட் குதிரையை விட்டு இறங்கவே இல்லை. "விதை மரத்தையே வித்துட்டியா ராட்கே? கோடாரியையும் பேட்ஜையும் குடுத்துட்டுக் கிளம்பு."

"குடுக்குறேன் சார். அதுக்கு முன்னாடி இறங்கி வந்து இதப் பாருங்க!"

கொஞ்சம் தள்ளிக் குளிர்காலத்தில் வெட்டிய கட்டைகள் ஆள் நெஞ்சு உயரத்துக்கு நின்றன. அவற்றில் அடிமுத்திரை நாலடி உயரத்தில் இருந்தது.

"இதுதான் நான் அடிச்சது. இந்தச் சரிவுல பிப்ரவரியில மட்டும்தான் அடிச்சேன், அப்ப நாலடி பனி. தோண்டி அடிக்கணும்னு சட்டம். எனக்குச் சோம்பல், தோண்டல. பனிமேல நின்னே அடிச்சேன். அதுக்கு மேல வெட்டுனதுல கட்டை உசரமா நின்னு மரம் வீணாச்சுன்னு நீங்கதானே லெட்டர் போட்டுத் திட்டுனீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அந்தப் பன்னெண்டுல மட்டும் முத்திரை தரைக்கு எப்படி வந்துச்சு? பனி உருகின பிறகு எவனோ அடிச்சிருக்கான். மார்ச்சுல இருந்து நேத்து வரைக்கும் நான் எங்க இருந்தேன்? உங்க ஆபீஸ்ல, உங்க எதிர்ல உக்காந்து காட்டு மேப் வரைஞ்சுக்கிட்டு இருந்தேன்! இந்தக் கோடாரி உங்க பீரோவுல இருந்துச்சு!"

மக்கில்வியின் சிரிப்பு நின்றது. "எங்க கொல்லன் ஏதோ விளையாட்டுக்கு இதே மாதிரி முத்திரை ஒண்ணு செஞ்சான்..." என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிரிட்சார்ட் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. "மரத்தையெல்லாம் பறிமுதல் பண்ணு" என்றார் அன்செலிடம். ஒரு மன்னிப்புக் கிடையாது.

வெட்டிக் கிடந்த பன்னிரண்டு மரங்களிலும் பறிமுதலுக்கு அடையாளமாக அன்செல் முத்திரையை ஓங்கி ஓங்கி அடித்தான். கை காய்த்துப்போனவன்தான், அன்றைக்கு அவனுக்கும் தோல் உரிந்தது. கடைசி மரத்தருகே வெட்டிப் போட்ட கிளைகளில் பைன் காய்கள் கொத்துக் கொத்தாய்ப் பச்சையாக இருந்தன.

"வேலை தப்பிச்சுதேன்னு சந்தோஷப்படுய்யா" என்றார் பிரிட்சார்ட்.

அன்செல் குனிந்தான். காய்களை இரண்டு கையாலும் அள்ளி மக்கில்வியின் காலடியில் வீசினான்.

"செப்டம்பர் வரைக்கும் விட்டிருந்தா காய் முத்தி விதையாவது விழுந்திருக்கும்டா, பாவி!"