கடுக்காய் லோடில் வந்த கல்

கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் லோடு ஏற்றிவந்த என் தம்பி திலீபன், கூடவே ஒரு கல்லையும் கொண்டுவந்து என் நிம்மதியைக் கெடுத்தான். உள்ளங்கை அளவு கல். வெயிலில் காட்டினால் மஞ்சளாகப் பளபளத்தது. என் வீட்டுக்காரர் விருத்தகிரிக்கு அதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை.

"பானு, அங்க ஓடைக்கு ஓடை இப்பிடித்தான் தங்கம் கெடக்குதாம். நானும் மச்சானும் போயி ஒரு மாசம் தேடிட்டு வரோம்" என்றார். அது 2004ஆம் வருஷம். பாதி வழியிலேயே ரோடு நின்றுவிடும் மலை அது.

விருத்தாசலத்தில் எங்களைப் போன்ற சின்னப் பொம்மைப் பட்டறைகளுக்குச் சொந்தச் சூளை கிடையாது. பொதுச் சூளையில் முறை வைத்துச் சுடுவோம். முறையை விட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும்; மறுபடி நம் முறை வருவதற்குள் கொலு சீசன் முடிந்துவிடும். மாதக்கணக்கில் அச்சில் வார்த்த பொம்மைகள் பட்டறை முழுக்கக் காய்ந்து நின்றன. இந்த மனிதரோ எங்கள் முறையைப் பக்கத்துப் பட்டறை ராஜமாணிக்கத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கல்லாலேயே ஒன்று போட்டிருப்பேன்.

சண்டை போட்டால் இவர் கேட்கிற ஆள் இல்லை. "போங்க, வேணாங்கல. அந்த மலையில என்னதான் இருக்குதுன்னு மொதல்ல படிச்சிப் பாத்துட்டுப் போங்க" என்றேன்.

"நீயே படிச்சிச் சொல்லு" என்று என் தலையில் கட்டினார்.

என்னோடு ஸ்கூலில் படித்த கனகா, செராமிக் பாலிடெக்னிக் நூலகத்தில் வேலை பார்த்தாள். அவளிடம் அந்தப் பகுதியின் நிலவியல் வரைபடமும் பாறைகளைப் பற்றிய இரண்டு புத்தகங்களும் வாங்கிவந்தேன். தங்கம் இல்லை என்று ஒரு வரி கிடைத்தால் போதும், அதைக் காட்டி இவரைச் சூளையடியில் உட்காரவைத்துவிடலாம் என்பதுதான் என் திட்டம்.

அந்த வரியைத் தேடப் போய் நான் மாட்டிக்கொண்டேன். வரைபடத்தில் மணிமுத்தாறு ஒரு நீலக்கோடு. கோயில் பக்கம் போகும்போதெல்லாம் நான் கடக்கும் அதே ஆறு. அதன்மேல் விரலை வைத்து மேற்கே போனால், நேராகக் கல்வராயன் மலைக்குள் ஏறியது. அந்தப் பாறைகளுக்கு வயது ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி ஆண்டு என்றது புத்தகம். அதோடு விடவில்லை. இன்று மலைமேல் கிடக்கும் பாறை, உருவானபோது பூமிக்கடியில் இருபது கிலோமீட்டருக்கும் கீழே இருந்ததாம். இங்கிருந்து வேப்பூர் போகிற தூரத்தை அப்படியே கீழ்நோக்கி நிறுத்திப் பார்த்தேன். அவ்வளவு கல்லும் அதற்கு மேலே இருந்திருக்கிறது. மழையும் வெயிலும் அரித்துத் தள்ள, ஆறுகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. பாறையில் இருக்கும் ஒருவகைக் கனிமம் மக்கித்தான் வெள்ளைக் களிமண் ஆகிறது என்று படித்தபோது, என் நகக்கண்ணில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் இதை வெறும் மண் என்றுதானே பிசைந்தோம்! கை கழுவவே மனசு வரவில்லை.

மஞ்சள் பளபளப்பைப் பற்றியும் படித்துவிட்டு, "இது காக்காப்பொன்னு வகைங்க, தங்கம் இல்ல" என்றேன்.

"புக்கு எழுதுனவன் இந்தக் கல்லப் பாத்தானா?" என்றார்.

எங்கள் ஊரில் எந்த மண்ணையும் நெருப்பில் காட்டாமல் நம்பமாட்டோம். அன்று தனக்கோடி அண்ணன் முறை, சூளை எரிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கல்லில் மின்னிய இடத்தைப் பெயர்த்து, ஓட்டுத் துண்டில் வைத்து, நெருப்பைப் பார்க்கிற ஓட்டை வழியே இடுக்கியால் உள்ளே தள்ளினார். தங்கமென்றால் உருகி மணியாகத் திரளும் என்று கண்ணை எடுக்காமல் நின்றார்.

அது உருகவில்லை. அசைந்தது. தகடு தகடாக விரிந்து, துருத்தி மாதிரி நீண்டு, பொன்னிறத்தில் நெளிந்து எழுந்தது. தனக்கோடி அண்ணன் "யப்பா!" என்று பின்வாங்கினார். முன்பே படித்திருந்தும் நான் இன்னும் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தேன். தகடுகளுக்கு நடுவே அடைபட்டிருந்த தண்ணீர் ஆவியாகிக் கல்லைத் திறக்கிறது. எந்தக் காலத்துத் தண்ணீரோ, யார் கண்டது.

வெளியே எடுத்தபோது ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது. இவர் முகம் தொங்கிப்போனது.

"நீ சொன்னதுதான் சரி பானு. திங்கக்கெழம நம்ம முறைக்குப் பொம்மைய அடுக்கிடலாம். நான் எங்கயும் போவல."

இதைக் கேட்கத்தான் இவ்வளவு பாடுபட்டேன். ஆனால் எனக்கு அழுகை வந்தது.

"ஏன் அழுவுற? அதான் போவலன்னுட்டேனே."

"நான் போவணுங்க. அத்தன ஆழத்துல கெடந்த பாற மேல ஒருவாட்டி நிக்கணும்."

"தங்கம் இல்லன்னு நீதான சொன்ன?"

"இல்லதான்."

"சரி, கொலு முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்."

என்னால் அதுவரை பொறுக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தனக்கோடி அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, ராஜமாணிக்கத்துகிட்ட சொல்லிடுங்க. திங்கக்கெழம முறைய அவரே எடுத்துக்கட்டும்."