பதினொரு பேரும் லைனில்

பத்தே காலுக்கு ஷிஜி கூட்ட அறையின் நீள மேசைக்கு அடியில் மண்டியிட்டு, மைக் வயர்களைத் தரையோடு சேர்த்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். பதினொன்றுக்கு வீடியோ கான்பரன்ஸ். நாகர்கோவிலில் இருந்த அந்த அரசு அலுவலகத்தில் ஆறு வருடமாக அந்த வீடியோ இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். ஏஜென்சி மூலம் எடுத்த ஒப்பந்த ஆள். தினமும் கொட்டாரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள்.

சுவரோரம் கடியப்பட்டணத்து மீனவப் பெண்கள் பதினொரு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய ஆண்கள் பதினொரு பேரும் ஒரு வளைகுடாத் துறைமுகத்தில் ஐந்து மாதமாகப் படகிலேயே கிடந்தார்கள். பாஸ்போர்ட்டுகள் படகு முதலாளியிடம். அவர்கள் வேலையை விட்டு ஓடிப்போய்விட்டதாக அவன் புகார் எழுதிக் கொடுத்திருந்தான். அது உறுதியானால் ஜெயில். இல்லை என்று தங்கள் வாயால் சொல்ல அவர்களுக்கு இன்று ஒரு மணி நேரம் கிடைத்திருந்தது. தூதரக அதிகாரியும் முதலாளியின் வக்கீலும் திரையில் வருவார்கள். படகில் இருந்தது ஒரே ஒரு மொபைல் என்பதால் அவர்கள் போன் வழியாகச் சேர வேண்டும். சென்னையிலுள்ள கான்பரன்ஸ் எண்ணைக் கூப்பிட்டு, கூட்டத்துக்கான ஒன்பது இலக்கங்களை அழுத்தினால் அவர்கள் குரல் அறைக்குள் கேட்கும்.

பத்தரை ஆகியும் கேட்கவில்லை.

"தங்கச்சி," என்று குளோரி தன் மொபைலை நீட்டியபடி எழுந்து வந்தாள். "எனக்க மாப்பிள கூப்பிடுகாவ. மூணு தடவ நம்பரு குத்தியாச்சாம். தப்பு நம்பருன்னு ஒரு இங்கிலீஷ்காரி சொல்லி கட் பண்ணுகாளாம்."

ஷிஜி இயந்திரக் கம்பெனியின் சென்னைப் பொறியாளரைக் கூப்பிட்டாள். "எங்க சைடு எல்லாம் பக்கா மேடம். போன் லைன்ல பிரச்சினை," என்றார் அவர். போன் லைன்காரர்களைக் கூப்பிட்டாள். லைன் சுத்தமாக இருக்கிறது, இயந்திரத்தைப் பாருங்கள் என்றார்கள்.

விசாரணைக்குப் பொறுப்பான அதிகாரி முருகதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்மா, முடியலன்னா சொல்லிரு. வேற தேதி கேட்டுப் பாக்கலாம்."

"வேற தேதியா சாரே?" குளோரியின் குரல் உயர்ந்தது. "இந்தத் தேதி கிட்டவே மூணு மாசம் ஆச்சு. இன்னைக்கு வரல்லன்னா ஓடிப்போனது நெசந்தான்னு அந்த வக்கீலு எழுதி வாங்கிருவான்."

ஷிஜி தன் மொபைலிலிருந்து கான்பரன்ஸ் எண்ணைக் கூப்பிட்டு இலக்கங்களை அழுத்தினாள். உடனே அறை ஸ்பீக்கரில் அவள் மூச்சு கேட்டது. ஆக, இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. குளோரியின் மொபைலை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அண்ணே, நான் ஆபீஸ்ல இருந்து பேசுகேன். ஒண்ணு முதல் ஒம்பது வரைக்கும் பைய ஒவ்வொண்ணா அமுக்குங்க."

குளோரியின் கணவர் ததேயுஸ் அழுத்தினார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு முழு ஒலி வர வேண்டும். நான்குதான் ஒழுங்காக வந்தன; மற்றவை பாதியில் நறுக்கென்று அறுந்தன. அவர் குரல் தெளிவாகவே வந்தது. அவ்வளவு தூரம் சுற்றி வருவதில் எண்களின் ஒலிதான் சிதைந்துகொண்டிருந்தது.

"அண்ணே, உங்க நம்பரு சரிதான். வழியில ஒடயுது. நம்பர நான் இங்கின இருந்து அமுக்குகேன். எங்க ஆபீஸ் லேண்ட்லைனுக்குக் கூப்பிடுங்க."

"சார்ஜ் ரெண்டு கட்டந்தான் கெடக்கு மக்ளே."

"போதும். கூப்பிடுங்க."

கூட்ட அறைக்கு அடுத்து, பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம், அலுவலக போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி இருந்த சிறிய அறை. அங்கிருந்த பழைய போனில் ததேயுஸின் அழைப்பை எடுத்தாள். அவரைக் காக்க வைத்துவிட்டு, இன்னொரு லைனில் சென்னையைக் கூப்பிட்டு ஒன்பது இலக்கங்களையும் அழுத்தினாள். பிறகு இரண்டு லைனையும் சேர்க்கும் பொத்தானைத் தட்டினாள்.

"அலோ, சாரே?" என்ற ததேயுஸின் குரல் தடுப்புக்கு அப்பால் கூட்ட அறை முழுக்க ஒலித்தது. பெண்கள் எழுந்துவிட்டார்கள். ஷிஜி ரிசீவரை வைத்துவிட்டு ஓடி வந்தாள். அறை அமைதியாகிவிட்டது. லைன் அறுந்திருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த ரிசீவர் கையில் இருக்கும்வரைதான் இரண்டு அழைப்பும் இணைந்திருக்கும்; வைத்தால் அறுந்துவிடும்.

"அக்கா, திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க. நான் இனி அங்கதான் நிப்பேன். யாரும் என்னைக் கூப்பிடாதீங்க."

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ததேயுஸ் மறுபடி சேர்ந்தார். அவளுடைய சத்தம் விசாரணைக்குள் போகக்கூடாது. ரிசீவரின் பேசும் பக்கத்தை உள்ளங்கையால் இறுக மூடினாள். தரையில் இருந்த மின்விசிறி இரைந்தது, கால் கட்டைவிரலால் அதன் சுவிட்சை அணைத்தாள். நாற்காலி எட்டும் தூரத்தில் இல்லை. நின்றாள்.

வக்கீல் முதலில் பேசினார். இந்தப் பதினொரு பேரும் படகை விட்டு ஓடிவிட்டார்கள், எங்கிருந்தோ போன் பேசுகிறார்கள் என்றார்.

"எங்கயும் ஓடல்ல சாரே," என்றார் ததேயுஸ். "ஒம்பதாம் நம்பரு ஜெட்டியில கட்டிப்போட்ட படகுலதான் கெடக்கியோம். நாலு நாளா குடிதண்ணி பக்கத்துப் படகுக்காரன் தாறான்."

மொபைல் கைமாறியது. ஒவ்வொருவராகப் பேரையும் அப்பன் பேரையும் சொன்னார்கள். மரியஜான் என்ற பையன் பேரைச் சொல்லிவிட்டு, அப்பன் பேரைச் சொல்லாமலேயே மொபைலை அடுத்தவரிடம் தள்ளிவிட்டான். ஷிஜி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தூதரக அதிகாரி சொன்னார்: "லைனைத் துண்டிக்காதீர்கள். என் ஊழியர் துறைமுக வாசலில் நிற்கிறார். அவரை ஜெட்டிக்கு அனுப்புகிறேன்."

பதினெட்டு நிமிடம். ஷிஜியின் முதுகில் வேர்வை வழிந்தது. மூக்குநுனியில் ஊர்ந்த ஈயை ஊதக்கூட அவள் துணியவில்லை. காதில் தண்ணீர் படகில் மோதுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம். பிறகு ஜெட்டிப் பலகையில் ஷூக்கள் தடதடத்தன. மூச்சு வாங்க ஒரு புதுக் குரல், ததேயுஸின் மொபைலிலிருந்தே பேசியது.

"சார், ஒன்பதாம் ஜெட்டி. எண்ணிவிட்டேன். பதினொரு பேரும் என் முன்னால் நிற்கிறார்கள்."

தூதரக அதிகாரி நிதானமாகப் பதிவு செய்தார். புகார் தவறு. அதைத் திரும்பப் பெற வேண்டும். ஊழியர் இன்றே தண்ணீரும் சாப்பாடும் எடுத்துப் போவார். பத்து நாளுக்குள் பாஸ்போர்ட்டுகளை ஒப்படைக்க வக்கீல் ஒத்துக்கொண்டார்.

பெண்களின் கூச்சல் ஷிஜிக்கு இரண்டு தடவை கேட்டது. முதலில் தடுப்பு வழியாக. அரை நொடி கழித்து, சென்னை போய்த் திரும்பி, ரிசீவர் வழியாக. உள்ளங்கைக்குள் அவளும் சத்தமில்லாமல் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

முடிக்கும்போது முருகதாஸ் சொன்னார்: "போன் இணைப்பைச் சரிசெய்து கொடுத்த சென்னைப் பொறியாளருக்கு நன்றி. நடவடிக்கைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்."

கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் திரையில் வந்து சேர்ந்திருந்த பொறியாளர், "எங்க டீமோட கடமை சார்," என்றார்.

திரை அணைந்தது. குளோரி மட்டும் ஷிஜியைத் தேடி எக்ஸ்சேஞ்ச் அறைக்கு வந்தாள். ததேயுஸ் இன்னும் லைனில் இருந்த ரிசீவரை ஷிஜி அவள் காதோடு சேர்த்து வைத்தாள். மரத்துப்போன ஷிஜியின் விரல்கள் பிரிய மறுத்தன. குளோரி ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள்.

"கேக்கா? நாந்தான். அழாதயும் மனுசா. இங்கின ஒரு புள்ள ஒங்கள ஒரு மணி நேரமா கையிலயே தூக்கி வச்சிட்டிருந்திருக்கு."

சார்ஜ் தீரும்வரை அவள் பேசினாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஷிஜி வாசலுக்கு வந்தபோது, நிரந்தர ஊழியர்கள் விரல்ரேகை இயந்திரத்தில் கைவைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒப்பந்த ஆட்களின் பெயர் அதில் இல்லை; வரும்போதும் போகும்போதும் அவர்கள் பார்வையாளர் பதிவேட்டில்தான் கையெழுத்துப் போட வேண்டும். காவலாளி கோலப்பன் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் காலையில் எழுதிய வரிக்குக் கொஞ்சம் கீழே குளோரியின் பெயர் இருந்தது: 'வந்த நோக்கம் - விசாரணை.' ஷிஜியின் வரியில் அந்தக் கட்டம் காலி.

வீங்கிய விரல்களால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். கோலப்பன் குனிந்து பார்த்தார்.

"காலையில போட்டது மாதிரி இல்லியே மக்ளே. ஏஜென்சிக்காரனுவ ஒத்துப் பாத்தா லீவு போட்டுருவானுவ. இன்னொருக்கா போடு."

அவள் இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பழைய கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து மெதுவாக எழுதத் தொடங்கினாள்.