கடைசி வரியின் எட்டு எழுத்து

பவர் என்றால் அந்தத் தெருவில் ஒரே ஆள்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும், "பவர் ஏறியிருக்கா, இறங்கியிருக்கா, பாத்துடுவோம்" என்று முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அதுவே அவர் பெயராகிவிட்டது. கீழே கடை, மேலே வீடு. நடுவில் பதினெட்டுப் படிகள்.

பூட்டு விஷயத்தில் மனிதர் படு கெட்டி. ஷட்டருக்கு மூன்று பூட்டு. அதற்கு உள்ளே ஒரு கம்பிக் கதவு, அதற்கும் ஒரு பூட்டு. பூட்டிவிட்டு நாலு எட்டு வைப்பார், சந்தேகம் வந்து திரும்புவார், மறுபடி எல்லாவற்றையும் இழுத்துப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட ஆள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

கடையில் காத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? வைஃபை பாஸ்வேர்டு என்ன, வைஃபை பாஸ்வேர்டு என்ன என்று ஆளாளுக்கு அவர் உயிரை வாங்கினார்கள். ஒரு நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம். கண் பரிசோதனைக்கு ஓர் அட்டை மாட்டியிருப்பார்களே, மேல் வரியில் எழுத்து பெரிதாக இருந்து கீழே வர வரச் சிறுத்துக்கொண்டே போகும், அதைப் புதிதாக அச்சடித்து மாட்டினார். கடைசி வரியில் எழுத்தும் எண்ணுமாக எட்டு. அதுதான் பாஸ்வேர்டு.

புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு யாராவது அந்த வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்ததும், பவர் கையைத் தட்டுவார். "படிச்சிட்டீங்கல்ல, அதான் நம்ம கடை வைஃபை. போட்டுக்கங்க." அவர்களும் சிரித்துவிட்டுப் போடுவார்கள். இந்த வேடிக்கைக்காகவே தெருவில் பாதிப் பேர் அவரிடம் கண்ணாடி மாற்றினார்கள் என்றால் பாருங்கள்.

மனைவியின் தம்பி சின்ன ஆபீஸ்களுக்கும் வீடுகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிறவன். ஆறு மாதத்துக்கு முன்பு, பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு கட்டம் வரைந்து காட்டினான்.

"அத்தான், கடைக்கு வர்றவங்களுக்கு ஒரு லைன். பில்லுக்கும் வீட்டுக்கும் தனியா ஒரு லைன். இதுல நுழைஞ்சவன் அதைத் தொட முடியாது. பாஸ்வேர்டும் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. இந்தப் பழைய ரவுட்டர் டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும். ஒரு தடவை செலவு பண்ணா அஞ்சு வருஷம் நிம்மதி."

"என்கிட்ட வந்து என்னத்த எடுக்கப் போறான்?" என்றார் பவர். "எதிர்வீட்டுக்காரருக்குக் கிட்டப் பார்வைன்னு தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணுவான் மச்சான்? அந்தக் காசுக்கு ஃபிரேம் வாங்கிப் போட்டா ரெண்டு மாசத்துல வித்துடும்."

 அந்தத் தாள் மேஜை இழுப்பறையில், கண்ணாடி துடைக்கும் துணிகளுக்கு அடியில் போய்விட்டது.

போன மாதம் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்தார்கள். ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கே பவர் ஒரு கேமரா வாங்கிவந்து கட்டிலுக்கு எதிரே அலமாரியில் வைத்தார். போனில் விரலை நகர்த்தினால் அங்கே கேமரா தலையைத் திருப்பும். திருப்பும்போது கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வரும். யார் துணையும் இல்லாமல் அவரே மாட்டினார். அதில் அவருக்கு ஒரே பெருமை.

"கீழ இருந்தாலும் கண்ணு பூராவும் உன் மேலதான் இருக்கும்" என்றார் மனைவியிடம்.

முதல் நாள் நாலு தடவை பார்த்தார். அடுத்த நாளிலிருந்து கடையில் கூட்டம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், கேட்க வேண்டுமா? போனை எடுக்கவே கை ஒழியவில்லை. ஆனால் மதியம் சாப்பிட மேலே போனால் மனைவி முகத்தில் ஒரு களை இருக்கும்.

"இன்னிக்கு ரொம்ப நேரம் பாத்தீங்க போல" என்பாள்.

கிண்டல் செய்கிறாள், பார்க்கவில்லை என்பதைக் குத்திக் காட்டுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டு, வாய் நிறையச் சோற்றோடு, "ம், பாத்தேன்" என்பார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். பொய்தான். நோயாளியைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளச் சொல்லும் பொய் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

இன்று காலை பத்தரைக்குத் தம்பி வந்தான். ஒரு வாரமாகத் தலைவலியாம்.

"உக்காரு மச்சான். பவர் ஏறியிருக்கா, இறங்கியிருக்கா, பாத்துடுவோம்."

அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இந்தக் கண்ணாடி, அந்தக் கண்ணாடி என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசி வரிக்கு வந்தான். எட்டையும் தடங்கல் இல்லாமல் படித்தான். பவர் வழக்கம்போலக் கையைத் தட்டினார்.

"அதான் நம்ம வைஃபை. போட்டுக்க."

தம்பி சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. சோதனைக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதே பாஸ்வேர்டை வேற எதுக்கெல்லாம் வெச்சிருக்கீங்க அத்தான்?" என்று கேட்டான்.

"எல்லாத்துக்கும்தான். பத்து பாஸ்வேர்டை எவன் ஞாபகம் வெச்சிக்கறது? பில்லு, ஸ்டாக்கு, மேல உங்க அக்கா ரூம் கேமரா..."

"கேமராவைத் திறக்கிறதுக்கு யூசர் நேம்னு இன்னொண்ணும் கேக்குமே. அதுக்கு என்ன குடுத்தீங்க?"

"கடை போன் நம்பர்."

தம்பி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். கடைப் பலகையில் அந்த நம்பர் முழ நீளத்துக்கு எழுதியிருந்தது. "போனைக் குடுங்க" என்று கையை நீட்டினான். ஏதேதோ அழுத்தினான், மேலே தள்ளினான், கீழே தள்ளினான். பவர் ஏதோ ஒரு மூக்குக்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டு, குடி முழுகிப் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறானே என்று வேடிக்கை பார்த்தார்.

"இதுல ரெண்டு போன் காட்டுது அத்தான். ஒண்ணு உங்களுது. போன மாசம் ஒம்போதாம் தேதிக்கு அப்புறம் நீங்க இதைத் திறக்கவே இல்ல."

"அதை உங்க அக்காகிட்ட சொல்லிடாதே."

"இன்னொண்ணு உங்களுது இல்ல. தினமும் திறந்திருக்கு. சரியா பதினோரு மணிக்கு. முக்கால் மணி நேரம்."

பவருக்கு முதலில் எதுவும் ஏறவில்லை. "தினமும்னா?"

"இருபத்தி மூணு நாள். அதுவும் நம்ம கடை வைஃபையில இருந்தே. யாரோ நூறு அடிக்குள்ளயே உக்காந்துகிட்டுப் பாக்கறாங்க."

பவர் தெருவைப் பார்த்தார். எதிர்த்த நிழலில் நாலு பேர் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். சலவைக் கடை வாசலில் இருவர். வண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நிற்கிறவர் ஒருவர். அத்தனை பேர் மூக்கிலும் அவர் மாட்டிவிட்ட கண்ணாடி. அத்தனை பேரும் கடைசி வரியைப் படித்தவர்கள்.  

பதினொன்றேகாலுக்கு ஓர் அம்மா வருவார். மனைவிக்கு உடம்பு துடைத்து, உடை மாற்றிவிட்டுப் போவார். கேமராவை மூட வேண்டாமா என்று அந்த அம்மா ஒரு நாள் கேட்டதற்கு, "பாக்கறது என் வீட்டுக்காரர்தானே" என்று மனைவி சொன்னாளாம். சாப்பிடும்போது அதை அவளே சொல்லிச் சிரித்தாள். இவரும் சிரித்தார். இருபத்தி மூன்று நாள். ரொம்ப நேரம் பாத்தீங்க போல. ம், பாத்தேன்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம்.

"அத்தான், இருங்க, இங்கேருந்தே பாஸ்வேர்டை மாத்திடலாம்" என்று தம்பி சொல்லி முடிப்பதற்குள் பவர் படியில் இருந்தார். ஒரு செருப்பு மூன்றாம் படியிலேயே கழன்றது. எடுக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயசுக்காரர், பதினெட்டுப் படிகளையும் ஒரே மூச்சில் ஏறி, அறை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மனைவி தலைவாரி முடித்திருந்தாள். சீப்பைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அலமாரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் வந்ததை அவள் கவனிக்கவில்லை. கேமரா கொசு மாதிரி ரீங்கரித்தது. மெதுவாகத் தலையைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே நின்றது.

அவள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். "இன்னிக்காவது சீக்கிரம் சாப்பிட வாங்க" என்றாள் கேமராவிடம்.

பவருக்கு மூச்சு வாங்கியது. அந்தச் சத்தத்தில்தான் அவள் திரும்பினாள். ஆட்டிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவரைப் பார்த்தாள். போன் இல்லாத அவர் கைகளைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். அது மறுபடி ரீங்கரித்து, அவளை விட்டு நகர்ந்து, வாசலில் நிற்கிற இவர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

பவர் பாய்ந்து போய் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். கேமரா பாதித் திருப்பத்தில் நின்றது.

"பாத்தேன்னு சொன்னீங்களே" என்றாள் அவள். "தினமும் கேட்டேனே."

பவர் பிடுங்கிய ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். அவள் காலடியில் மடிந்து கிடந்த போர்வையை, அந்தப் புழுக்கத்திலும், கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.