ஒரு கொம்பு ஜாஸ்தி

காலை ஐந்து ஐம்பதுக்கு எழுகிறேன். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைக்கிறேன். பொங்குவதற்குள் பல் தேய்த்து முடிகிறது. ஒரு டம்ளர் காபி. பிறகு காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஒரே ஓர் எழுத்தை எழுதுகிறேன்: ர. எழுதும்போது வெளிர் நீலமாக இருக்கும். முந்தைய நாள் எழுதிய தாளை எடுத்துப் பார்ப்பேன். அதிலிருக்கும் ர கறுத்திருக்கும். இரண்டையும் அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். இருபத்து மூன்று நாளாக இப்படி. பத்து மணிக்குத் தென்னூர் மின்வாரிய அலுவலகத்தில் இருக்க வேண்டும். நடந்து போகிற தூரம்தான்.

மை ஸ்ம்ருதியுடையது. என் மனைவி. சென்ற ஐப்பசியில் இறந்துபோனாள், முப்பத்தொரு வயதில். ஒரு மருத்துவமனையின் மருந்துக் கவுன்ட்டரில் வேலை பார்த்தாள். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தைத் திறந்தால் ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று நாளெல்லாம் வருகிறவர்களிடம் சொல்வாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எதைத் திறந்தாலும் ஒரு துண்டுத் தாளில் ‘திறந்தது’ என்று தேதி போட்டு ஒட்டுவாள். நெய், ஜாம், குழம்புப் பொடி, இருமல் மருந்து. அவள் போன பிறகு ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. ஜாமில் பூஞ்சை பிடித்தது. பாட்டில்களைக் கழுவி வைத்தேன். தண்ணீர் பட்டதும் தாள்கள் உரிந்து வந்தன. தேதியோடு இப்போது மிச்சமிருப்பது மை பாட்டில் மட்டும். திறந்தது 14.8.23.

அதை அவள் வாங்கியது ஒரே ஒரு பக்கம் எழுதுவதற்காக. ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. வீட்டில் யார் இறந்தாலும் பெயர், திதி, நட்சத்திரம், கடைசியாகச் சொன்ன வார்த்தை ஆகியவற்றை அதில் எழுதிவைக்க வேண்டும். கடைசியில் பக்கத்தில் இருந்தவர்தான் எழுத வேண்டும் என்பது முறை. ஒரு மழையில் மச்சு ஒழுகி, பழைய பக்கங்களில் சாதாரண நீல மையில் எழுதியிருந்த நான்கு பேர் கரைந்துபோனார்கள். அதனால் தன் அப்பா சௌரிராஜன் இறந்தபோது ஸ்ம்ருதி தேடிப் பிடித்து இந்த மையை வாங்கினாள். இரும்பு உப்பும் மாசிக்காய்ச் சத்தும் சேர்ந்த மை. பேனாவை விட்டு இறங்கும்போது நீலமாக இருக்கும். காற்றுப் பட்டுக் கறுத்துக் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு தண்ணீருக்கும் போகாது.

அவள் அம்மா கோதைநாயகி அந்தப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மாசிக்காயா? கொழந்தை நாக்குல தடவறதுன்னா அது? நாட்டு மருந்துக் கடைல கேட்டா ஒரு பொட்டலம் குடுப்பான். இதுக்குப் போய் ஆன்லைன்ல வாங்கினயாக்கும்!”

அப்பாவின் பக்கத்தில் கடைசி வார்த்தை என்ற இடத்தில் ஸ்ம்ருதி எழுதியது: ‘ஃபேனைக் குறை.’ அன்று பெரிய சண்டை. “நாராயணான்னு போடுடீ. யார் கேக்கப்போறா?” என்று அம்மா கெஞ்சினார். “அப்பா ஃபேனைக் குறைன்னுதாம்மா சொன்னார். நான்தானே குறைச்சேன்” என்று சொல்லிவிட்டு, எழுதியதன் மேல் ஊதிக்கொண்டிருந்தாள். கோதைநாயகி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஐம்பது வருஷம் பெருமாள் சேவிக்காமல் காபி குடிக்காத மனுஷர், போகும்போது ஃபேனைச் சொல்லிவிட்டுப் போனது அம்மாவுக்குத் தாங்கவில்லை.

ஸ்ம்ருதி கவுன்ட்டரில் நின்றுகொண்டிருக்கும்போது விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. மூன்று நாள் தொண்டையில் குழாயோடு இருந்தாள். கண் திறக்கவில்லை, பேசவில்லை. நான்காம் நாள் காலை எல்லாம் முடிந்தது. வெளியே வராந்தாவில் கோதைநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் என்னைத் தொட்டதில்லை. மணப்பாறைப் பக்கத்துக்காரனைத் தானே தேடிக்கொண்டு கட்டிக்கொண்டாள் என்று மூன்று வருஷம் மகள் வழியாகத்தான் என்னோடு பேசியவர். “உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னா?” என்று கேட்டார். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். “ரெங்கான்னு…” என்றேன். மேலே சொல்வதற்குள் அவர் என் கையை விட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். “போறும். இது போறும்” என்றார். சுவரில் சாய்ந்து அழுதார். நான் மீதியைச் சொல்லவில்லை.

என் பெயர் ரெங்கராஜ். ஸ்ம்ருதி கல்லூரியிலிருந்தே என்னை ரெங்கா என்றுதான் கூப்பிட்டாள். “தெனம் நூறு தடவை நாமம் சொன்ன புண்ணியம். அதுக்குத்தான் உன்னைக் கட்டிண்டேன்” என்பாள். பெருமாளுடைய பெயரை அவர்கள் வீட்டில் ரங்கா என்றுதான் எழுதுவார்கள். என் சான்றிதழில் ரெ. பஸ் போர்டுகளில் ஸ்ரீரங்கம், ஸ்ரீரெங்கம் இரண்டும் உண்டு, அவர்கள் வீட்டில் ஒன்றுதான். “பெருமாளுக்கே இல்லாத கொம்பு உனக்கு. உன் பேர்ல ஒண்ணு ஜாஸ்தி” என்று என் தலையில் இரண்டு விரலை வைத்துக் காட்டுவாள். காதில் விழும்போது பெரிய வித்தியாசம் இல்லை.

ஒரு வருஷத்தில் அந்த ஒரு சொல் அவர்கள் இருக்கும் உத்திர வீதி முழுவதும் போய்விட்டது. கோயிலில் முகம் தெரியாத மாமிகள் என்னை நிறுத்தி, “கொடுத்து வெச்சவ, பெருமாள் பேரைச் சொல்லிண்டே போனாளாமே” என்றார்கள். கோதைநாயகி என்னை மாப்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். போன மாதம் போன் செய்து, “திதிக்கு வரச்சே பேனாவைக் கொண்டு வாங்கோ. நீங்கதான் அவ பக்கத்துல இருந்தேள். நோட்டுல நீங்கதான் எழுதணும்” என்றார்.

அன்று மாலையே பாட்டிலை எடுத்துக்கொண்டு சிங்காரத்தோப்பில் பேனாக் கடை வைத்திருக்கும் அப்ராரிடம் போனேன். திறந்து மோந்து பார்த்தேன்.

“என்னா சார், மோந்து பாக்கறீங்க? பாலா இது, திரிஞ்சு போறதுக்கு?” பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார். லேபிளைப் படித்தார். “அட, தேதியெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க. முப்பது வருஷத்துல இப்படி ஒரு கஸ்டமரை நான் பாத்ததில்ல.”

“நான் இல்லீங்க. வீட்ல.”

“அப்ப அவங்களையே கேக்கறதை விட்டுட்டு எங்கிட்ட வந்திருக்கீங்க.”

அவர் தொடர்ந்தார். “சாதா மைன்னா வருஷக்கணக்கா கிடக்கும். இதுல இரும்பு இருக்குல்ல, தாள்ல கறுக்க வேண்டியது, காத்து போனா பாட்டிலுக்குள்ளயே கறுத்து அடியில உக்காந்துடும். திறந்தப்புறம் ஒன்றரை வருஷம்னு கணக்கு. இறுக்கி மூடி வச்சிருந்தா மேலயும் வரும். எப்பவாச்சும் திறந்து போட்டுட்டீங்களா?”

“நாலு நாள்.”

“நாலு நாளா! யாரு சார் அந்தப் புண்ணியவான்?”

“நான்தான்.”

ஒரு குச்சியால் அடியைத் தொட்டுப் பார்த்தார். மெல்லிய வண்டல் இருந்தது. “கலக்காதீங்க. மேலாப்புல எடுத்து எழுதிப் பாருங்க. மறுநாள் கறுத்தா மை சரியா இருக்குன்னு அர்த்தம். நீலமாவே நின்னா வெறும் சாயம். ஒரு மழைக்குத் தாங்காது.”

நீலமாகவே நிற்கட்டும் என்று நினைத்தேன். அப்படி நின்றால் ரங்கா என்று எழுதிக் கொடுத்துவிடலாம். கோதைநாயகி படிக்கும் காலம் வரை இருக்கும், அப்புறம் தானாக வெளுத்துப் போகும். அவரிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டாம். அவளைப் பற்றிப் பொய்யும் நிலைக்காது. அதற்காகத்தான் தினம் ஓர் எழுத்து. ஆனால் ஒவ்வொரு நாளும் ர கறுத்தது. முதல் வாரம் சாயங்காலத்துக்குள் கறுத்தது. இப்போது மறுநாள் காலைவரை ஆகிறது. ஆனாலும் கறுக்கிறது.

வெள்ளிக்கிழமை காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் திதிக் காரியம் முடிந்து ஸ்கூட்டரை எடுத்தபோது, எதிரே தீர்த்தக் குடத்தோடு யானை வந்தது. அது தாண்டிப் போகும்வரை ஓரமாக நின்றேன். சட்டைப் பையில் பேனா இருந்தது.

“வாங்கோ மாப்ளை. தலை ஈரமா இருக்கே, துவட்டிக்கோங்கோ” என்று துண்டு கொடுத்தார் கோதைநாயகி. காபி வந்தது. ஊஞ்சல் பலகையில் நோட்டை விரித்து வைத்திருந்தார். இடது பக்கம் ஸ்ம்ருதியின் கையெழுத்தில் அவள் அப்பா. ‘ஃபேனைக் குறை’ நல்ல கறுப்பாக இருந்தது. வலது பக்கம் வெறுமை. நான் தரையில் உட்கார்ந்து பெயரை எழுதினேன். திதி, நட்சத்திரம், நேரம் எல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நிப் ஒருமுறை அடைத்தது. உதறிவிட்டு எழுதினேன். எல்லாம் வெளிர் நீலம்.

கடைசி வார்த்தை என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்தேன்.

அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். சேவிப்பதற்குத் தயாராக இருப்பவர்போல் கைகளைச் சேர்த்திருந்தார். இருபத்து மூன்று நாள் காலண்டர் தாளில் எழுதிப் பழகிய ர, பேனா முனையில் இருந்தது. கொம்பில்லாமல் எழுதினால் பெருமாள். கொம்பு போட்டால் நான். நம் எழுத்தில் கொம்பு முன்னால் வருகிறது. ர எழுதிவிட்டு யோசித்துக்கொள்ளலாம் என்றால் முடியாது. எதிர்ப்பக்கத்தில் அவள் எழுதியதைப் பார்த்தேன்.

கொம்பைப் போட்டேன். பிறகு ர. பிறகு மற்றதும். ரெங்கா. அதன் பின் ஒரு காற்புள்ளி.

ஈரம் உலரும்வரை அவர் அப்படியே நின்றார். பின்பு மெதுவாக உட்கார்ந்தார். விரலை எழுத்தின் அருகே கொண்டுவந்து, தொடாமல் நிறுத்தினார்.

“கொம்பு” என்றார்.

“ஆமாம்மா.”

“நேக்குத் தெரியும். ஆம்படையானைப் பேர் சொல்லிக் கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “கொழாயை நானும்தானே பாத்தேன். அதோட எப்படிப் பேசுவா?”

தெருவில் யாரோ பூ விற்றுக்கொண்டு போனார்கள். அவர் காற்புள்ளியைக் காட்டினார்.

“அன்னிக்கு நான்தான் முடிக்க விடலை. அப்பறம் என்ன சொன்னா? சொல்லிண்டே எழுதுங்கோ.”

அவள் விழுந்த அன்று காலை அவசரமாகப் பேனாவில் மை நிரப்பிவிட்டு நான் குளிக்கப் போயிருந்தேன். அவள் ஒரு காலில் செருப்பு போட்டிருந்தாள். குளியலறைக் கதவை இரண்டு தட்டு தட்டினாள்.

“ரெங்கா, மை பாட்டிலைத் தெறந்தபடியே போட்டிருக்க பாரு. சரி விடு, சாயங்காலம் நான் வந்து மூடிக்கறேன்.”