ஆளுக்குப் பதில் வந்த நிழல்

இடுப்பு பிடித்துக்கொண்டதால், கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் மனைவியின் முதல் கர்ப்பப் பரிசோதனைக்குத் தன் நிழலை அனுப்பிவைத்தான். முந்தின நாள் நூற்றிருபது சிமெண்ட் மூட்டை இறக்கியவன். கட்டிலில் கவிழ்ந்து கிடந்தபடியே, "அது கூட வரும், நீ போ" என்றான். நிழல் தரையிலிருந்து தோல் உரிவதுபோல உரிந்து எழுந்து, அவளுடைய பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியது. கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கிழித்தார்.

ஆஸ்பத்திரிக்கு இது புதிதல்ல. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் இருக்க, பின்சுவரில் வெல்டரின் நிழல், லாரி டிரைவரின் நிழல், வாத்தியாரின் நிழல் என்று வரிசையாகச் சாய்ந்திருந்தன. ரத்தம் எடுக்கிற நர்ஸ் கேட்டாள்: "உன் வீட்டுக்காரர் எங்கம்மா? எச்.ஐ.வி.க்கு ரெண்டு பேரையும் பாத்தாத்தான் பிள்ளையைக் காப்பாத்த முடியும்."

"இதோ நிக்கிறாரே, சிஸ்டர்."

"நல்லாருக்கு. நிழலுக்கு ஊசி போட்டா சுவருக்குத்தாம்மா வலிக்கும்."

நிழல் பாவம், கையை நீட்டித்தான் காட்டியது.

அவளுக்கு ஒன்றுமில்லை என்று சீட்டு வந்தது. மூட்டைக்காரன் அதை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கிடங்கில் பலருக்கும் அதுதான் வழக்கம். பெண்டாட்டி சீட்டுதான் புருஷனுக்கும் சீட்டு. நாலு வருஷம் வெளியூர் லாரிகளோடு அலைந்த உடம்பு அவனுடையது. அதைப் பற்றி யாராவது வாயெடுத்தால் சீட்டை எடுத்து நீட்டினான். "டேய், உன் நிழல் எங்கடா?" என்று கூட்டாளி கேட்டபோது, "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு" என்றான். "கொடுத்து வச்சவன்டா நீ," என்றான் கூட்டாளி. "என்னோடது சோம்பேறி, என்கூடவே படுத்துக் கிடக்கு."

எட்டாம் மாதமும் அவளுக்கு ஒன்றுமில்லை. கணவர் நேரில் வரவும் என்று நர்ஸ் எழுதிக் கொடுத்தாள், நிழல்தான் வந்தது. பெண் குழந்தை பிறந்தது, அவள் பால் கொடுத்தாள். பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் கண்டு பத்து நாள் இறங்கவில்லை. மறுபடி ரத்தம் எடுத்தார்கள், எச்.ஐ.வி. இருந்தது. பிள்ளைக்கு எடுத்தார்கள், அதற்கும் இருந்தது. பிரசவத்துக்கு அப்புறம்தான் அவனிடமிருந்து இவளுக்கும், இவள் பாலிலிருந்து பிள்ளைக்கும் வந்திருக்க வேண்டும்; அவன் முன்பே ஒரு நாள் வந்து கையை நீட்டியிருந்தால் இரண்டையும் தடுத்திருக்கலாம் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். நிழல் சுவரிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தது.

வீட்டில் அவள் கேட்டாள். அவன் சீட்டை எடுத்து நீட்டினான். "இல்லைன்னுதானே போட்டிருக்கு?"

"அது என் சீட்டுய்யா. என் ரத்தம்."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

நிழல் அவனிடம் திரும்பவில்லை. பிள்ளைக்கு இப்போது நாலு வயது. மாதாமாதம் மருந்து வாங்க மூன்று பேரும் பஸ் ஏறுகிறார்கள். குழந்தை நிழலின் விரலைப் பிடித்து அப்பா என்கிறது, கசப்பு மருந்தை அதன் மடியில் உட்கார்ந்தே குடிக்கிறது. தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூட்டைக்காரன் காலை வெயிலில் நிழலில்லாமல் சிமெண்ட் இறக்குகிறான். நன்றாகத்தான் தின்கிறான், தூங்குகிறான். அவன் பாக்கி வைத்திருப்பது ஒரு சின்னக் குப்பி ரத்தம். இன்னும் கொடுக்கவில்லை.